பாலசமுத்திரத்து வேனின் இடது முன்சக்கரம்

போன மாதம் என்னைப் பட்டறையிலிருந்து வழியனுப்பி வைத்தார்கள். பொன்னாடை, ரோஜா மாலை, சுவர்க் கடிகாரம், அப்புறம் திண்டுக்கல்காரர்கள் விட்டுவிடுவார்களா, மட்டன் பிரியாணி. எல்லாம் முடிந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரை மாட்டி வண்டியைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கும் ரம்யா பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"சார், இனிமே எல்லாம் கரண்டு வண்டிதான். எஞ்சினே கெடையாது. நல்ல நேரத்துல தப்பிச்சுட்டீக," என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏம்மா, எஞ்சின் இல்லாட்டி வண்டி பறந்தா போகப்போகுது? சக்கரம் இருக்கும்ல? ரோட்டுல பள்ளம் இருக்கும்ல? அந்த பேட்டரி கனத்துக்கு முன்பக்கம் இன்னும் வெரசாத் தேயும். எஞ்சின் பாக்குறவன் கவலைப்படட்டும். நான் எதுக்குக் கவலைப்படணும்?"

"சரி சார், கோவிச்சுக்காதீக. இம்புட்டு வருஷத்துல உங்களுக்குக் கெடைச்ச பெரிய பரிசு எது? அதையாச்சும் சொல்லுங்க. இந்தக் கடிகாரம்னு சொல்லிராதீக."

ஈரக் கையோடு நின்று சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் பரமசிவம். பேகம்பூரை ஒட்டிய அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அதே பட்டறையில் போர்மேனாக ஓய்வு பெற்றவன். சேர்ந்த புதிதில் ஸ்பேனர் கழுவினேன், டயர் உருட்டினேன், திட்டு வாங்கினேன். எல்லாரும் பட்டதுதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாரும் எஞ்சின் பக்கம் ஓடினார்கள். எஞ்சின் பிரிக்கிறவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று அப்போது ஒரு பேச்சு. நான் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். எனக்கும் பெண் கொடுத்தார்கள், சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்தில். ராஜேஸ்வரி கட்டியிருக்கும் சுங்குடிச் சேலைக்கும் என் கிரீஸ் சட்டைக்கும் ஒரே வாளியில் இடம் கிடைத்ததே இல்லை.

முன்சக்கரம் என்றால் என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் உண்டு. எஞ்சின் நின்றுபோனால் வண்டி ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். முன்சக்கரம் போனால் வண்டி நிற்காது. சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பது லோயர் ஆர்ம் என்ற ஒரு இரும்புக் கை. அந்தக் கையின் நுனியில் பால் ஜாயிண்ட் இருக்கிறது. நம் இடுப்பில் தொடை எலும்பு பொருந்தியிருப்பது போல ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு உருண்டை. உள்ளே கிரீஸ், வெளியே ரப்பர் உறை. பள்ளத்தில் விழுந்து எழுவதும் இடம் வலம் திரும்புவதும் அந்த உருண்டையின் மேல்தான் நடக்கிறது. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், உருண்டை தேயும். தேய்ந்த உருண்டை ஒருநாள் கிண்ணத்தை விட்டுக் கழன்றுகொள்ளும். சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். ஏழு பேர் உட்காரும் குடும்ப வேனில் அப்படி நடந்தால் உள்ளே யார் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் எங்கள் பட்டறை முதலாளி சையது ராவுத்தர் எனக்கு வாயால் சொன்னதில்லை. நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, காதில் ஒரு அத்தர் பஞ்சு. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வண்டி வந்து நின்றதும் யாரும் ஸ்பேனரைத் தொடக்கூடாது. முதலில் அவர் வண்டியைச் சுற்றி வருவார். முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை தடவுவார். எந்தப் பக்கம் சொரசொரப்பாக இருக்கிறது என்பதிலேயே சக்கரம் எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு வண்டிக்காரரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு ரவுண்டு. அதற்கப்புறம்தான் ஜாக்கி.

ஒருமுறை பூட்டு வியாபாரி ஒருவர், முன்னால் கடக் கடக் என்று சத்தம் வருகிறது என்று வேனைக் கொண்டுவந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நானும் இன்னொருவனும் அவசரப்பட்டு முன்பக்கம் முழுதும் பிரித்துப் போட்டுவிட்டோம். எதிலும் ஆட்டம் இல்லை. பாய் வந்தார். பிரித்துக் கிடந்ததைப் பார்த்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, தேங்காய் அளவுக்கு ஒரு இரும்புப் பூட்டை எடுத்து வெளியே வைத்தார்.

"ஏலே, சத்தம் வண்டியோடதா, வண்டிக்குள்ள கெடக்குறதோடதா? மொதல்ல அதப் பாருங்கப்பா," என்றார். அவ்வளவுதான் திட்டு. பிரித்ததை மாட்டி முடிக்கும்வரை அந்தப் பூட்டை எங்கள் முன்னாலேயே வைத்திருந்தார்.

பாயிடம் ஒரு சட்டம் உண்டு. முன்சக்கரத்தில் யார் வேலை செய்திருந்தாலும், வண்டி வாசலைத் தாண்டுவதற்கு முன் அவர் தன் கையால் ஆட்டிப் பார்ப்பார். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி, மேலேயும் கீழேயும் பிடித்து ஒரு உலுக்கு, இரண்டு பக்கமும் பிடித்து ஒரு உலுக்கு. பிறகு டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பச் சொல்லி, பால் ஜாயிண்டின் மேல் சுட்டுவிரலை வைத்துக்கொள்வார். தலைமயிர் அளவு ஆட்டம் இருந்தாலும் விரலுக்குத் தெரியும். நான் எத்தனையோ வருஷம் வேலை செய்த பிறகும் என் வேலையையும் அப்படித்தான் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் குமுறும். இன்னும் என்ன நம்பிக்கை வேண்டும் இந்த மனுஷனுக்கு என்று வீட்டில் போய்ப் புலம்புவேன். "அவர் ஆட்டிப் பாக்குறதால உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்பாள் ராஜேஸ்வரி. குறைந்துதான் போனது. அவளுக்குப் புரியவில்லை.

அப்படி இருக்கையில்தான் கந்தசாமி வந்தார்.

பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம் அவருக்கு ஊர். தென்னந்தோப்பு, கொஞ்சம் மானாவாரி நிலம். மகளைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்திருந்ததால் இங்கே வரும்போதெல்லாம் வேனை எங்களிடம் காட்டுவார். ஒரு மாசிமாதம் இடது முன்சக்கரத்தில் டொக் டொக் சத்தம் என்று வந்தார். பால் ஜாயிண்ட் உறை கிழிந்து, உள்ளே துரு ஏறியிருந்தது. கம்பெனி சாமான் வாங்கி மாற்றினேன். கல் அடித்துக் கிழிந்திருக்கும் என்றேன், பாயும் அதையேதான் சொன்னார். மறுவருஷம் அதே மாதத்தை ஒட்டி அதே பக்கம், அதே சத்தம். மறுபடியும் மாற்றினேன். அப்போதும் உறை அறுத்தது போலக் கிழிந்திருந்தது. வலது பக்கம் புத்தம் புதுசு மாதிரி இருந்தது. கந்தசாமி முகம் சுண்டிப்போனாலும் கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கடுத்த முறை சத்தத்தோடு நிற்கவில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையை ஒட்டி மெதுவாகத் திரும்பும்போது இடது சக்கரம் சாய்ந்து வேன் தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே அவர் மனைவி, மகள், மகளின் கைக்குழந்தை. கூட்டத்தில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் அடியில்லை. நாலு வழிச் சாலையில் நடந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை கந்தசாமி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சப்பை. பட்டறையில் நிறையப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நேரே பாயின் மேசைக்குப் போய், கழன்ற பால் ஜாயிண்டை எடுத்து டங்கென்று வைத்தார்.

"ஏனுங்க பாய், இதுதான் உங்க கம்பெனி சாமானுங்களா? டூப்ளிகேட்ட மாட்டிவிட்டு எம் பேத்தியக் கொல்லப் பாத்தீங்களா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த ஆளு கையில சக்கரத்தக் குடுத்தேன் பாருங்க, என்னயச் சொல்லோணும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "டூப்ளிகேட்டா? யாரப் பாத்து என்ன பேசுறீக?" என்று எகிறினேன். பாய் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கந்தசாமியை உட்காரவைத்து டீ வரவழைத்தார். அவர் குடிக்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

எல்லாரும் கலைந்த பிறகு பாய் என்னைக் கூப்பிட்டார். "பரமு, காரணம் என்னன்னு தெரிஞ்சு, அவரு வாயால சரின்னு சொல்ற வரைக்கும் நீ எந்த வண்டியோட முன்சக்கரத்தையும் தொட வேணாம்."

"பாய்! நீங்களுமா நம்புறீக?"

"சாமான் நல்ல சாமான். உன் கையும் நல்ல கை. எனக்குத் தெரியும். தன் பேரப்புள்ளய உள்ள ஒக்கார வச்சுட்டுப் போற மனுஷனுக்கும் அது தெரியணும்ல?"

அன்றிலிருந்து ஆயில் மாற்றினேன், ஹாரன் மாட்டினேன், கண்ணாடி துடைத்தேன். என்னைவிடச் சின்னவர்கள் முன்சக்கரம் பார்ப்பதை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அவமானமாக இருந்தது, வேறென்ன சொல்ல? வீட்டுக்குப் போனால் ராஜேஸ்வரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னங்க, சட்ட இம்புட்டுச் சுத்தமா இருக்கு? பட்டறைக்குத்தான போனீக?" என்றாள். அந்தச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன். வேலையை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. விட்டால் டூப்ளிகேட் போட்டவன் என்ற பெயர் என்னோடேயே வரும். நான் ஏன் ஓட வேண்டும்?

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. வெளுத்த வேட்டி சட்டை உடுத்திக்கொண்டு பழனி பஸ் ஏறினேன். அங்கிருந்து பாலசமுத்திரத்துக்கு இன்னொரு பஸ். கந்தசாமி தோப்பு வாசலில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சண்ட போட வந்தீங்களா?" என்றார்.

"இல்ல. உங்க வண்டியில உங்ககூட ஒருநா போகணும். அம்புட்டுத்தான்."

"சண்ட ஒருபக்கம் இருக்கட்டும். வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல இந்த எளநிய குடிங்க." அவரே சீவிக் கொடுத்தார். முகம் மட்டும் கொடுக்கவில்லை.

வேறு பட்டறையில் புது ஜாயிண்ட் போட்டு வேனை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பழனியில் உரம் வாங்கப் போக வேண்டியிருந்தது. கூட ஏறினேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது. பள்ளத்தைப் பார்த்து ஒதுக்கி ஓட்டினார், வேகத்தடையில் தாலாட்டி ஏற்றினார். அவர் ஓட்டுவதில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அப்படியானால் குறை யாரிடம்?

ஊரைத் தாண்டியதும் ரோட்டின் இடது பாதி முழுதும் கொள்ளுச் செடியைக் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் பக்கங்களில் இது வழக்கம்தான். அறுத்த செடியை ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வண்டிகள் ஏறி மிதித்துக் காய் உடையும், பயறு பிரியும். எங்களுக்கு முன்னால் போன கார்க்காரன் முணுமுணுத்துக்கொண்டு வலப்பக்கம் ஒதுங்கிப் போனான். கந்தசாமி ஒதுங்கவில்லை. வேகத்தைக் குறைத்து, இடது சக்கரங்கள் இரண்டும் கொள்ளின் மேல் போகிற மாதிரி நிதானமாக ஏற்றினார். ஓரத்தில் முறத்தோடு நின்ற ஒரு அம்மா சிரித்தாள்.

"கந்தசாமீ, இன்னொருக்கா வந்துட்டுப் போ சாமி, நல்லாயிருப்பே!"

"இதா வாரனுங்க அத்தை," என்று ரிவர்ஸ் எடுத்தார். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, மறுபடி முன்னால்.

என் காலுக்கு அடியில் சரசரவென்று ஒரு சத்தம். எதையோ கயிறு திரிக்கிற மாதிரி.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். அவர் பயந்துபோய் நிறுத்தினார். வெளுத்த வேட்டியோடு கொள்ளுச் செடியின் மேல் மல்லாந்து படுத்து வேனுக்கு அடியில் போனேன். அந்த அம்மா, "அய்யோ, அந்தத் தம்பிக்கு என்னாச்சு?" என்று பதறியது கேட்டது.

முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் கொள்ளுக்கொடி இறுகச் சுற்றியிருந்தது. சுற்றிச் சுற்றி என் கைப்பருமனுக்கு வந்திருந்தது. கொடியின் முறிந்த காம்புகள் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு, பக்கத்திலேயே இருந்த பால் ஜாயிண்டின் ரப்பர் உறையை உரசிக்கொண்டிருந்தன. புது உறை. அதில் அதற்குள் ஒரு வெட்டு விழுந்திருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

"கந்தசாமி அண்ணே, செத்த கீழ வாங்க," என்றேன்.

அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து படுத்தார். நான் விரலால் காட்டினேன். கையை நீட்டி அந்த வெட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது எப்பவும் சுத்தறதுதானுங்களே," என்றார் மெதுவாக. "தை மாசி வந்தா ரோடெல்லாம் கொள்ளுதானுங்க. நம்ம சனம் காயப்போட்டிருக்குது, ஏத்தாம ஒதுங்கிப் போனா நாளைக்கு மொகத்துல முழிக்க முடியுங்களா? வீட்டுக்குப் போயி பம்புசெட்டுல அடிச்சா எல்லாம் போயிருமுங்க."

"பட்டறைக்கு வாரப்பவும் அடிச்சுட்டுத்தான் வருவீகளா?"

"பின்ன? அழுக்கு வண்டியக் கொண்டாந்து ஒருத்தரு முன்னால நிறுத்தறது மரியாதைங்களா? அடியில படுத்து வேல செய்யறவரு மேல மண்ணு கொட்டாதுங்களா?"

என் மேல் மண் விழக்கூடாது என்று இந்த மனுஷர் ஒவ்வொரு முறையும் வண்டியின் அடியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருக்கிறார். நான் தேடிய காரணம் அந்தப் பம்புசெட்டுத் தண்ணீரோடு தோப்புக்குப் போயிருக்கிறது. போதாததற்கு, கொடி கிழித்த உறைக்குள் அதே தண்ணீர் வேகத்தில் மண்ணையும் சேர்த்து ஏற்றியிருக்கிறது. ஊர்க்காரருக்குக் காட்டிய மரியாதை பாதி, எனக்குக் காட்டிய மரியாதை பாதி. ஜாயிண்ட் எப்படித் தாங்கும்?

அவர் எழுந்து நின்று வேட்டியைத் தட்டினார். பிறகு, முறத்தோடு நின்ற அத்தை, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த டவுன் பஸ், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நான் பேசுனது தப்புங்க. உங்க சாமானு சுத்தம். உங்க கையும் சுத்தம். பாய்கிட்ட நானே வந்து சொல்றனுங்க."

அரிவாள் வாங்கிக் கொடியை அறுத்து எடுத்தேன். கொள்ளு மேல் ஏறவே கூடாது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அத்தைக்கு டிராக்டர ஏத்திக் குடுங்க. வேன் வேணாம். தப்பித் தவறி ஏறிட்டா அங்கனயே நிறுத்தி அறுத்து எடுங்க. பட்டறைக்கு வாரப்ப மட்டும் கழுவவே கழுவாதீக. எம்மேல மண்ணு விழட்டும்," என்றேன். அவர் என் முதுகில் ஒட்டியிருந்த கொள்ளுச் சருகைத் தட்டிவிட்டுக்கொண்டே சிரித்தார். அன்று அவர் வீட்டில்தான் சாப்பாடு. கொள்ளு ரசம்.

மறுநாள் அவர் சொன்ன சொல் தவறாமல் பட்டறைக்கு வந்தார். நான் அறுத்த கொடியைப் பாயின் மேசையில் வைத்தேன். கந்தசாமி நடந்ததைச் சொல்லி, அன்றைக்கு யார் யார் முன்னால் கத்தினாரோ அவர்களில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். பாய் கொடியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"கொள்ளா?"

"ஆமா பாய்."

"ம்." கொடியைக் கீழே வைத்தார். "பெறகு ஏன் நிக்கிற? வெளிய மூணு வண்டி நிக்குது. போய் முன்பக்கத்தத் தூக்கு."

அவ்வளவுதான். சபாஷ் இல்லை, தோளில் ஒரு தட்டு இல்லை. அன்று சாயங்காலம் கிரீஸ் சட்டையோடு வீட்டுக்குப் போனேன். ராஜேஸ்வரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பாடா," என்றாள். ஆனால் அன்றும் அடுத்து வந்த நாட்களிலும் நான் வேலை செய்த சக்கரங்களைப் பாய் எப்போதும்போல ஆட்டித்தான் பார்த்தார். விரலை வைத்தார். தலையாட்டினார். இந்த மனுஷர் மாறமாட்டார் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு மாலை, பாய் தன் சொந்த வேனைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அதுவும் ஏழு பேர் வேன்தான். அந்த வண்டியின் முன்பக்கத்தை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. கைலியை மடித்துக்கொண்டு அவரேதான் அடியில் போவார். அன்று இறங்கி, சாவியை என் கையில் வைத்தார்.

"நாளைக்கு வெள்ளன நாகூர் கந்தூரிக்குப் போறோம். வீட்டுல எல்லாரும் வாராக. முன்பக்கம் பாத்து வையி."

பார்த்தேன். லோயர் ஆர்ம் இரண்டையும் இறக்கினேன். தேய்ந்திருந்த ரப்பர் புஷ்களை மாற்றினேன். இடது பால் ஜாயிண்ட் சந்தேகமாக இருந்தது, இரண்டு பக்கமும் புதுசு போட்டேன். ஒவ்வொரு நட்டையும் முறுக்கிவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தேன். என் விரலை வைத்து நெம்பிப் பார்த்தேன். ஆட்டமே இல்லை.

காலையில் பாயின் மனைவி, மகன், மருமகள், பேத்திகள் எல்லாரும் பிரியாணிச் சட்டியோடும் தலையணைகளோடும் வந்து ஏறினார்கள். நான் ஜாக்கியை எடுத்து முன்சக்கரத்தின் பக்கம் தயாராக வைத்திருந்தேன். கடப்பாரையையும் வைத்திருந்தேன். பாய் வந்தார். ஜாக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"பாய், தூக்கட்டுமா? ஆட்டிப் பாக்கலையா?" என்றேன்.

"நீ பாத்துட்டேல்ல?"

"பாத்துட்டேன் பாய்."

"பெறகென்ன," என்று சொல்லி வண்டியை எடுத்தார். சின்னப் பேத்தி பின் கண்ணாடி வழியாக எனக்குக் கையாட்டினாள்.

ரம்யா, நீ கேட்ட பரிசு அதுதான். வேன் திருச்சி ரோட்டில் திரும்பி மறையும்வரை அதன் இடது முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். நேராகப் போனது.